ஐந்து நாளில் ஒன்பது கோயில், கையில் இரண்டு பிள்ளைகள்

வணக்கம் சகோதரி. கிளிநொச்சியிலிருந்து மூன்று வயது, ஆறு வயதுப் பிள்ளைகளோடு கப்பலில் தமிழ்நாடு போய், ஐந்து நாளில் ஒன்பது கோயில் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நாலாகக் குறையுங்கள். முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனவர்களுக்குத் தெரியும், ஒரு கோயிலிலேயே அவர்கள் களைத்துவிடுவார்கள்.

காங்கேசன்துறைக் கப்பல் நாகப்பட்டினத்தில்தான் இறக்கும். அங்கேயே இரண்டு இரவு தங்குங்கள். சிக்கல் முருகன், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மாதா மூன்றும் பக்கத்தில்தான். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. நம்ம மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாச் சனத்தை நினைத்துப் பாருங்கள், சின்னப் பிள்ளைகளோடு அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

அப்புறம் தஞ்சாவூர். பெரிய கோயிலின் கல்முற்றம் மத்தியான வெயிலில் கொதிக்கும். என் மகள் போன வருடம் பாதி வழியில் நின்று அழுதாள், தூக்கிக்கொண்டுதான் ஓடினேன். பெரும்பாலான கோயில்கள் மத்தியானம் நடை சாத்தி நாலு மணியளவில்தான் திறக்கும். அதனால் காலை வெள்ளன ஒன்று, பின்னேரம் ஒன்று, நடுவில் பிள்ளைகள் நித்திரை. தடித்த காலுறை இரண்டு சோடி வையுங்கள்.

பிள்ளைகளுக்கும் தனிக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் ஓடாது, ஆகவே திரும்புகிற நாளுக்குப் பிறகு ஒரு நாளாவது வெறுமையாக விடுங்கள்.