செயல்திட்டத்தைச் செய்ய வேண்டியது யார்?

கேள்வி: மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் வகுப்பில் யாருடனும் எளிதில் பழகுவதில்லை. குழுச் செயல்திட்டங்களில் (புராஜெக்ட்) ஈடுபட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஆசிரியை. மற்ற பெற்றோர் அவற்றைக் கடையில் செய்து வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஆசிரியை சொல்வது சரி. ஆனால் பழகும் திறன் வளர்வது சார்ட்டிலோ தெர்மாகோல் மாதிரியிலோ அல்ல, அதைச் செய்யும்போது பிள்ளைகளுக்குள் நடக்கும் பேச்சில்தான். நான்கு பேர் சேர்ந்து அவரை விதையை முளைக்க வைக்கிறார்கள் என்று வையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டியவன் மறந்துவிட்டால், அவனிடம் மற்றவர்கள் எப்படிச் சொல்கிறார்கள், அவன் எப்படி ஏற்றுக்கொள்கிறான் என்பதே பாடம். முந்நூறு ரூபாய்க்கு மாதிரி செய்து தரும் கடைக்காரர் உங்கள் மகளிடமிருந்து அந்தப் பாடத்தைப் பறித்துக்கொள்கிறார். "ஆளுமை வளர்ச்சி" என்று பலகை மாட்டி, எட்டு வயதுப் பிள்ளையை மேடையேற்றி மனப்பாட உரை பேசவைக்கும் மையங்களையும் நம்பாதீர்கள். மேடைப் பேச்சு வேறு, பக்கத்தில் இருப்பவளிடம் அளவுகோலைக் கேட்டு வாங்குவது வேறு.

வெறுமனே குழுவாக உட்காரவைத்தாலும் பயனில்லை, கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடும். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் ஒரு பாடத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். ஒதுங்கியிருந்த பிள்ளை சொல்வதையும் மற்றவர்கள் காதுகொடுத்துக் கேட்டே ஆக வேண்டியதாயிற்று. உங்கள் மகளுக்கும் அவளில்லாமல் நகராத ஒரு வேலையைத் தரும்படி ஆசிரியையிடம் கேளுங்கள். தினமும் செடியை அளந்து குழுவுக்குச் சொல்வது போதும்.

தமிழ்நாட்டில் 2012-இல் முப்பருவ முறையைக் கொண்டுவந்து வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் மதிப்பீட்டுக்கு, நூற்றில் 40 மதிப்பெண் ஒதுக்கியதில் ஒரு பகுதி இத்தகைய செயல்பாடுகளுக்காகத்தான். பதிவேடுகளை நிரப்பவே நேரம் போதாத ஆசிரியரோ, கண்ணுக்குத் தெரியும் சார்ட்டுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு நகர்கிறார். எத்தனை கூட்டங்களில் சொன்னாலும் இது மாறவில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். கூச்சமுள்ள பிள்ளை மெதுவாகவேனும் பேசும். வீட்டில் கலகலவென்று பேசிவிட்டுப் பள்ளியில் மட்டும் அறவே பேசாத பிள்ளையின் நிலை வேறு. அது அடம் அல்ல, பதற்றம். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்; அதன் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே நீடித்தால் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் காட்டலாம். அதுவரை "பேசு, பேசு" என்று யாரும் வற்புறுத்த வேண்டாம். குழுவில் அவள் அளக்கட்டும், வரையட்டும், எழுதிக் காட்டட்டும்.