பழைய கணினி வாங்கும் முன்

கேள்வி: அலுவலகமொன்றில் பயன்பட்ட டெஸ்க்டாப் கணினியை வாங்க எண்ணியுள்ளேன். விற்பவர் ஒரு மணி நேரம் இயக்கிப் பார்க்க இசைந்திருக்கிறார். விண்டோஸ் திறந்து, இணையமும் வேலை செய்தால் போதுமா?

பதில்: போதாது. விண்டோஸைப் புதிதாக நிறுவிவிட்டால், பழுதாகிக்கொண்டிருக்கும் கணினியும் சிறிது நேரத்துக்குச் சுறுசுறுப்பாகவே தெரியும். ரேம், ஹார்டு டிஸ்க், பவர் சப்ளை மூன்றும் தனித்தனியே வாங்கி மாற்றக்கூடியவை என்பதால், அவற்றில் குறை இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் குறை தெரிந்தால் வாங்காமல் திரும்பிவிடுவதே நல்லது.

நீங்கள் போய்ச் சேரும்வரை கணினியை இயக்காமல் வைத்திருக்கும்படி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த நிலையில் மட்டும் தலைகாட்டும் கோளாறுகள், ஏற்கெனவே ஓடிச் சூடேறிய கணினியில் மறைந்துவிடும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மதர்போர்டில் உருளை வடிவில் நிற்கும் மின்தேக்கிகளைப் பாருங்கள். அவற்றின் தலை உப்பியிருந்தாலோ, பழுப்புநிறக் கசிவு உறைந்திருந்தாலோ மேற்கொண்டு சோதிக்க ஒன்றுமில்லை. பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். இணைப்பைத் துண்டித்த பிறகும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். தேதியும் நேரமும் தவறாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும்.

அடுத்தது டிஸ்க். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளை உங்கள் பென் டிரைவிலேயே கொண்டுசெல்லுங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்பு அதில் தெரியும். ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 8 மணி நேரம் ஓடியது என்று கொண்டால், எட்டு ஆண்டுகளில் 19,200 மணி நேரம் ஆகும். இரண்டே ஆண்டு பழையது என்று விற்பவர் சொல்லும் டிஸ்க்கில் அவ்வளவு மணி நேரம் பதிவாகியிருந்தால் விளக்கம் கேட்கலாம். ஆயினும் வயதைவிட முக்கியமானவை ‘ரீஅலோகேட்டட் செக்டர்’ (பழுதாகி, மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகள்), ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’ (சரியாகப் படிக்க முடியாமல் ஐயத்தில் இருக்கும் பகுதிகள்) என்னும் இரண்டு வரிகள். இவற்றின் மூல மதிப்பு பூச்சியமாக இருக்க வேண்டும். பூச்சியமல்லாத எண் எதுவானாலும், இயல்பாக அது பதினாறை அடிப்படையாகக் கொண்ட பதினாறடிமான முறையில் காட்டப்படுவதால், 10 என்றிருப்பது உண்மையில் 16 என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மீதமுள்ள நேரத்தை, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்னும் மென்பொருளுக்குக் கொடுங்கள். பென் டிரைவிலிருந்தே தொடங்கும் இச்சோதனையின் ஒரு சுற்று முடிய, ரேமின் அளவைப் பொறுத்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகலாம்; முடியாவிட்டாலும், ஒரே ஒரு பிழை வந்தால்கூட அதைப் பொருட்படுத்த வேண்டும். அப்போது ரேமை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பார்த்தால், குறை ரேமிலா மதர்போர்டிலா என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஒவ்வொரு யுஎஸ்பி துளையிலும் பென் டிரைவைச் செருகிப் பார்ப்பது சில நிமிட வேலைதான்.

கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை அமைப்பு மென்பொருளான பயாஸுக்குள் கடவுச்சொல் இன்றி நுழைய முடிகிறதா என்பதையும் பாருங்கள். அலுவலகக் கணினிகளில் இப்பூட்டு மறந்துபோய்க் கிடப்பதுண்டு. விற்பவரால் அதை நீக்க முடியாவிட்டால் அது உங்கள் தலைவலி. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி தேவை என்பதோடு, மைக்ரோசாஃப்ட் ஏற்கும் ப்ராசசர்களின் பட்டியல் இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குவதால், ப்ராசசரின் மாதிரி எண்ணை முன்கூட்டியே கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். லினக்ஸ் நிறுவப்போகிறீர்கள் என்றால் இந்த வரம்பு உங்களைக் கட்டுப்படுத்தாது.