கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது மட்டும் ஏன் ஓடுவதில்லை?

உங்களுடையதும் உபுண்டு லினக்ஸ்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டளைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில், பூட் ஆனதும் ஓட்டு என்று சொல்லும் ‘@ரீபூட்’ வரி போட்டிருப்பீர்கள். ஓடியிருக்காது. அதே கட்டளையை டெர்மினலில் ஒட்டினால் ஓடியிருக்கும்.

டெர்மினலில் ஓடும்போது எல்லாம் தயாராக இருக்கிறது. பூட் ஆகும்போது நெட்வொர்க் வந்திருக்காது, கிரானுக்கு உங்கள் பாத்தும் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) தெரியாது. டிஸ்க்கூட வந்திருக்காது. என்னைக் கவிழ்த்தது இந்தக் கடைசிதான்.

சித்தப்பா எங்கள் ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். தினமும் காலையில் கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் கல்யாணப் படங்கள் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலாக வேண்டும் என்றார். ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை வைத்து நாலு வரி எழுதி, ரூட் (நிர்வாகி) கிரானில் போட்டுக் கொடுத்தேன். லாக் ஃபைலில் தினமும் ‘முடிந்தது’ என்று வந்தது. மூன்றாவது வாரம், நல்ல முகூர்த்த நாள் காலையில், பாஸ்வேர்டைச் சரியாக அடித்தாலும் திரும்பத் திரும்ப லாகின் திரையிலேயே வந்து நின்றது.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போய், டிஸ்க்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்தேன். ரூட், அதாவது சிஸ்டம் இருக்கும் உள் டிஸ்க், 100% நிரம்பியிருந்தது.

உபுண்டு டெஸ்க்டாப்பில் யுஎஸ்பி டிஸ்க் தானாக மவுன்ட் ஆவது (ஒரு ஃபோல்டராக வந்து இணைவது), ஆள் லாகின் செய்த பிறகு. என் ஸ்கிரிப்ட் அதற்கு முன்பே ஓடிவிடும். ஃபோல்டர் இல்லாவிட்டால் உருவாக்கிக்கொள் என்று அதிகப்பிரசங்கியாக ஒரு வரி வேறு எழுதியிருந்தேன். அதனால் உள் டிஸ்க்கிலேயே, யுஎஸ்பி டிஸ்க்கின் பெயரான ‘பேக்கப்’ என்று ஒரு ஃபோல்டர் உண்டாகி, படமெல்லாம் அதற்குள் போனது. அப்புறம் சித்தப்பா லாகின் செய்ததும், அந்தப் பெயர் ஏற்கெனவே இருப்பதால், நிஜ டிஸ்க் ‘பேக்கப்1’ என்று வந்து உட்காரும். கையால் ஓட்டினாலும் பழைய இடத்துக்கே நகலாகி ‘முடிந்தது’ என்றுதான் வரும். வெளி டிஸ்க்கில் ஒரு படம்கூட இல்லை.

மவுன்ட் ஆயிற்றா என்று பார்க்காமல் எவன் எழுதுவான் என்று கேட்க ஒருவர் வரத்தான் போகிறார். நான்தான் எழுதினேன், போதுமா?

எந்த டிஸ்க் எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் யூயூஐடி (டிஸ்க்கின் அடையாள எண்) கொடுத்து டிஸ்க்குக்கு நிலையான இடம் ஒதுக்கினேன். டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் ஆகு என்று சொல்லும் நோஃபெயில் போட மறந்ததால், டிஸ்க்கைக் கழற்றிவைத்த ஒரு நாள் 90 வினாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றது. அதையும் சேர்த்தேன். கிரானை எடுத்துவிட்டு, பூட்டின்போது எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் ஒரு சர்வீஸ் ஆக்கி, டிஸ்க் மவுன்ட் ஆனால்தான் ஓடு என்று அதில் ‘ரிக்வயர்ஸ் மவுன்ட்ஸ் ஃபார்’ வரி போட்டேன். டிஸ்க் இல்லையென்றால் இப்போது ஓடவே ஓடாது. சிஸ்டம்டி பிடிக்காதவர்கள் ஸ்கிரிப்டின் முதலில் மவுன்ட்பாயின்ட் கட்டளையால் சோதித்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம்.

சர்வீஸாக ஓட்டுகிறீர்கள் என்றால் அதன் லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் பிழை எண்ணைப் பாருங்கள். 127 என்றால் கட்டளை கிடைக்கவில்லை, முழு பாத் கொடுங்கள். 203 என்றால் ஃபைலையே ஓட்ட முடியவில்லை. எக்சிக்யூட் அனுமதி இருக்காது, அல்லது முதல் வரி தப்பு. விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஃபைலில் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் இதைச் செய்யும்.

சித்தப்பா இன்றும் கடைக்கு வருபவர்களிடம் ‘ஓசி சாஃப்ட்வேர், அப்படித்தான் இருக்கும்’ என்கிறார். நாலு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்ததற்கு நான் பஸ் காசுகூடக் கேட்கவில்லை. என் கல்யாண ஆல்பத்துக்கு மட்டும் முழுக் காசையும் எண்ணி வாங்கிக்கொண்டார். அதிலும் இரண்டு பக்கம் ஒட்டிப்போய் வந்தது.