சுங்கைப்பட்டாணியிலிருந்து பினாங்கு தாவரவியல் பூங்காவுக்கு ஒரே நாளில் போய் வர முடியுமா?

தாராளமாக முடியும். காலை ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி, அப்புறம் படகுத்துறையில் பஸ் அல்லது கிராப் வாடகைக் கார். நுழைவுக் கட்டணம் கிடையாது. சீக்கிரமே கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, மதியத்துக்கு மேல் மழையை நம்ப முடியாது.

1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரின் பொறுப்பில், பழைய கருங்கல் குவாரி இருந்த இடத்தில் உருவான பூங்கா இது. நம் ஆட்களுக்குத் ‘தண்ணிமலை’ என்றால்தான் உடனே புரியும். தைப்பூசத்துக்குப் போகும் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது.

நேரம் குறைவென்றால் நாகலிங்க மரத்தை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். கிளை நுனியில் பூக்காமல், அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகத் தொங்கும் காம்புகளில் பூக்கும். பூவுக்குள் குனிந்து பாருங்கள்: நடுவில் குட்டி லிங்கம், மேலே படமெடுத்த நாகம். வாசனை தூக்கும். காய் பீரங்கிக் குண்டு மாதிரி கனக்கும், அடியில் நிற்க வேண்டாம்! கோயில்களில் பார்த்துப் பழகியதால் நம் ஊர் மரம் என்றே நினைப்போம்; உண்மையில் தென் அமெரிக்கா. பால்மரமும், அதாவது ரப்பர் மரமும், அங்கிருந்து வந்ததுதானே. பால்மரம் வெட்டியே, அதாவது பட்டையைக் கீறிப் பாலெடுத்தே, வாழ்ந்த என் பாட்டி இதைக் கேட்டு, “அதுவும் நம்மள மாதிரி கப்பல்ல வந்ததா?” என்றார்.

குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள், தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுப் போனாலே பறித்துவிடும், என் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) அப்படித்தான் போனது.