அந்தப் பழைய ஃபீடரை அப்படியே நிரப்பிவிடாதீர்கள்

தம்பி, அமெரிக்காவில் சியாட்டில் பக்கத்து ரெட்மண்டில் உங்களுக்கு முன் குடியிருந்தவர் பால்கனியில் விட்டுப்போன ஹம்மிங்பேர்டு ஃபீடரை (அந்தக் குட்டிப் பறவைக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுகிற புட்டி) அலசிவிட்டு நிரப்பினால் போதுமா, புதிதாக வாங்கினால் எது நல்லது, குளிர்காலத்தில் கழற்றிவிடணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எதை வாங்குவது என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை, முழுசாகக் கழற்றிக் கழுவ முடிந்தால் சரி.

அலசினால் போதாது. பறவை அலகை விட்டுக் குடிக்கிற, பூ மாதிரி இருக்கிற அந்த ஓட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கறுப்பாக ஒட்டியிருந்தால் பூஞ்சணம். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு ரெண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, பால்புட்டி கழுவுகிற பிரஷ்ஷால் தேய்த்து, ஓட்டைகளுக்குள் மெல்லிய பிரஷ்ஷை விட்டு, வாடை போகிறவரை வெந்நீரில் அலசுங்கள். வெயில் காலத்தில் ரெண்டு நாளுக்கு ஒருமுறை, குளிரில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை. உள்ளே இருக்கிற சர்க்கரைத் தண்ணீர் கலங்கிவிட்டதென்றால் நாள் கணக்குப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். ஊற்றுவதற்கு வெள்ளைச் சர்க்கரை ஒரு கப், தண்ணீர் நாலு கப், அவ்வளவுதான். சிவப்புச் சாயம் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 2004-ல் உங்கள் பக்கத்து ஊரான பெல்வியூவில் எனக்கு முதல் கோடை. தேன்சிட்டுக்கு (நம்மூர்த் தேன்சிட்டின் குடும்பமே வேறு என்று அப்போது தெரியாது) நல்லதாகக் கொடுப்போமே என்று அம்மா கட்டிக்கொடுத்த நாட்டுச்சர்க்கரையைக் கரைத்து ஊற்றினேன். மூன்றாம் நாள் கள்ளு வாடை, கம்பி நெடுக எறும்பு. பக்கத்துப் பால்கனி வெள்ளைக்காரப் பாட்டி எட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு பிரஷ்ஷைக் கொண்டுவந்து நீட்டினார். நாட்டுச்சர்க்கரையில் இருக்கிற இரும்புச்சத்து அதற்கு ஆகாது, தேன் ஊற்றினால் பூஞ்சணம் பிடிக்கும் என்றெல்லாம் அப்புறம்தான் சொன்னார்.

குளிரில் கழற்றாதீர்கள். இங்கே வருஷம் முழுக்க இருப்பது அன்னா ஹம்மிங்பேர்டு. கலிஃபோர்னியாப் பக்கத்துப் பறவை, தோட்டங்களையும் ஃபீடர்களையும் நம்பி போன நூற்றாண்டில் வடக்கே வந்து தங்கிவிட்டது. நம்ம ஆட்களிலும் பல பேர் அதே வழியாக வந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. போட்டோவுக்காக ஃபீடர் மாட்டுவார்கள், டிசம்பரில் ஆறு வாரம் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், அது கறுத்துப்போய்த் தொங்கும். கழுவிக் கவிழ்த்துவிட்டாவது போகலாமில்லையா?

தண்ணீர் உறைகிற ராத்திரிகளில் உள்ளே எடுத்து வைத்து விடியுமுன் மாட்டவேண்டும். ராத்திரி முழுக்க உடம்பைக் குளிரவிட்டு மரத்துக் கிடக்கிற பறவை, முழித்ததும் பசியோடு நேரே அங்கேதான் வரும். லுங்கிக்கு மேல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நான் போய்த் தொங்கவிட்டு வருவேன். ஊரில் ஒருநாளாவது காக்காய்க்குச் சோறு வைத்திருக்கிறீர்களா என்று கேட்பாள் என் வீட்டுக்காரி.