வண்டியை நிறுத்திய பிறகு இடுப்பு பிடித்தால் அது வேலைக் காயமா?

கேள்வி: மண் அள்ளும் இயந்திரத்தில் ஆபரேட்டராக இருக்கிறேன். ஷிப்ட் முடிந்து இறங்கியதும் வண்டியின் பேட்டரியைக் கழற்றித் தூக்கச் சொன்னார்கள். தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஸ்கேனில் டிஸ்க் விலகல். ‘வண்டி அப்போது ஓடவே இல்லை, நீதான் தப்பாகத் தூக்கினாய்’ என்று நிறுவனம் இழப்பீட்டை மறுக்கிறது. வழக்கு நிற்குமா?

பதில்: நிற்க வாய்ப்பு உண்டு. ஆனால் பல வருட அதிர்வால் முதுகு தேய்ந்தது என்பதை மட்டும் நம்பி மனு போடாதீர்கள். வயது, எடை, பழைய வலி என்று எதிர்த்தரப்பு அடுக்கும். வலியே இல்லாதவர்கள் ஸ்கேனிலும் தேய்மானம் தெரியும் என்பதால் அதை உடைப்பது கஷ்டம்.

உங்கள் பலம், இறங்கியதற்கும் தூக்கியதற்கும் நடுவே ஓய்வே இல்லை என்பதில் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு, விநாடிக்குச் சுமார் 4 முதல் 6 முறை வரும் ஆட்டத்துக்குத்தான் அதிகமாக அதிர்கிறது. கனரக வண்டிகளின் சீட்டில் இந்த மெதுவான ஆட்டம் சகஜம். இடுப்பு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்பவை தசைக்குள் இருக்கும் நீட்சி உணர்விகள்; அதிர்வு அவற்றைக் குழப்பிவிடும். ஆய்வகச் சோதனைகளில், கொஞ்ச நேர அதிர்வுக்குப் பிறகே, குனிந்த நிலையைச் சரியாகத் திரும்பப் பிடிப்பதில் பிசகு கூடியது. திடீர்ச் சுமைக்கு முதுகுத் தசைகள் இறுகுவதும் தாமதமானது. ஆக, தப்பாகத் தூக்கினீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படித் தூக்கும் நிலையில் உங்களை நிறுத்தியது யார்? இதைத்தான் மனுவில் கேட்க வேண்டும்.

இந்தத் தடுமாற்றம் ஓய்வில் சரியாகிவிடும். அதனால் இன்று பரிசோதனை செய்து எதுவும் நிரூபிக்க முடியாது, பணத்தை வீணாக்காதீர்கள். வண்டி அன்று எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டர் கணக்கு, ஷிப்ட் பதிவேடு, தூக்கச் சொன்னவரின் வாட்ஸ்அப் செய்தி, சீட் சஸ்பென்ஷன் (குலுக்கலைக் குறைக்கும் அமைப்பு) பராமரிப்புப் பதிவு ஆகியவற்றைத் திரட்டுங்கள். சீட் பழுது என்று முன்பே புகார் செய்திருந்தால் அது தங்கம்.

அதிர்வை அளந்தார்களா என்றும் எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 ஆணைப்படி, 8 மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட அதிர்வு விநாடி வர்க்கத்துக்கு 0.5 மீட்டரைத் தாண்டினால் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15 உச்ச வரம்பு. உங்கள் நாட்டை அது கட்டுப்படுத்தாவிட்டாலும், ஆபத்து தெரிந்த ஒன்றுதான் என்று காட்ட உதவும்.

டாக்டரிடம் ‘அதிர்வுதான் காரணமா?’ என்று கேட்டால் நழுவுவார். ‘அதிர்வுக்குப் பிறகு உடனே தூக்கியது இந்தக் காயத்துக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகமா?’ என்று கேளுங்கள். இழப்பீட்டு வழக்கில் பொதுவாக அவ்வளவு போதும். அப்புறம், காயத்தை எழுத்தில் தெரிவிக்கவும் மனு போடவும் காலக்கெடு உண்டு, நாட்டுக்கு நாடு மாறும். தெரிவிக்கும் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிட்டு, உள்ளூர் வழக்கறிஞரைப் பாருங்கள்.