டி. பூன், சான் பீட்ரோ – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

கப்பல் நாட்களைப் பற்றி எழுதும்போது போகிறபோக்கில் 'மினிட்மென்' என்ற அமெரிக்க பங்க் குழுவின் பெயரைச் சொல்லியிருந்தீர்கள். தேடிக் கேட்டேன். பத்து நாளாக வேறு எதுவும் கேட்கவில்லை. கிதார் வாசித்துப் பாடிய டி. பூன் 1985இல் இறந்துவிட்டார் என்று படித்ததும் ஏனோ கண் கலங்கிவிட்டது. 27 வயதில் மறைந்த மேதைகளின் வரிசையில் இவரையும் சேர்க்கலாம் இல்லையா? உயிரோடு இருந்திருந்தால் பெரிய நட்சத்திரமாகியிருப்பாரா? சான் பெட்ரோ என்ற அந்த அழகான கடற்கரை ஊரில் இப்படிப்பட்ட இசை எப்படிப் பிறந்தது? ஒரே ஒரு குறை, கிதார் தகரத்தைச் சுரண்டுவதுபோல இருக்கிறது. மலிவான ஒலிப்பதிவு காரணமா? நானும் இரண்டு நண்பர்களும் ஒரு குழு தொடங்க நினைக்கிறோம், நல்ல கருவிகள் வாங்க இரண்டு வருடமாகப் பணம் சேர்க்கிறோம். மினிட்மெனை எங்கிருந்து கேட்கத் தொடங்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ரா., கோவை

அன்புள்ள ரா.,

உங்கள் கடிதம் வந்தபோது ஒரு அஞ்சலிக் கூட்டத்தில் பேசிவிட்டு வந்த வெட்கத்தில் இருந்தேன். அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் பதில். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன், முதலில் கொஞ்சம் திட்டிவிடுகிறேன்.

27 வயது மேதைகள் பட்டியலைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் தம்பி. 1985 டிசம்பர் 22. ஆர்.ஈ.எம். குழுவோடு போன சுற்றுப்பயணம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மனிதருக்குக் காய்ச்சல், வேனின் பின்பக்கம் படுத்துக்கொண்டு போகிறார், படுத்திருந்ததால் சீட் பெல்ட் இல்லை. அரிசோனா பாலைவனத்தில் வண்டி சாலையை விட்டு விலகுகிறது, பின்கதவு வழியாக வெளியே எறியப்பட்டு கழுத்து முறிந்து அங்கேயே போய்விட்டார். அவ்வளவுதான். இதில் மேதைமையும் இல்லை, ஜாதகக் கட்டமும் இல்லை. சாலை விபத்தில் செத்துப்போன ஒரு நல்ல மனிதரைத் தூக்கி நட்சத்திர மண்டலத்தில் மாட்டினால் நமக்கு என்ன கிடைக்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்ற கேள்வியும் அதே ரகம்தான். அறுபதைத் தாண்டி, மூட்டுவலியோடு, உள்ளூர் பூங்காவில் எங்காவது வாசித்துக்கொண்டிருந்திருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது குறைவா என்ன?

அடுத்து அந்த 'அழகான கடற்கரை ஊர்'. முதலில், ஊர்க்காரர்கள் அதைச் சான் பெட்ரோ என்று சொல்ல மாட்டார்கள், சான் பீட்ரோ. ஸ்பானிஷ் பேர்தான், ஆனால் அப்படித்தான் சொல்வார்கள். திருத்தினால் முறைப்பார்கள். 1909இல் லாஸ் ஏஞ்சல்ஸோடு சேர்த்துக்கொண்டார்கள், இருந்தாலும் இன்னும் தனி ஊர் மாதிரிதான் இருக்கும். நீங்கள் நினைக்கிற மணலும் சர்ஃப் பலகையும் வடக்கே ஹெர்மோசா பீச்சில் இருக்கிறது. பிளாக் ஃபிளாக் அங்கிருந்து வந்த குழு, அதன் கிதார்காரர் கிரெக் கின் நடத்திய எஸ்.எஸ்.டி.தான் மினிட்மெனின் பதிவுகளை வெளியிட்டது. சான் பீட்ரோ துறைமுகம். கிரேன்கள், கண்டெய்னர்கள், க்ரோயேஷியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்து குடியேறிய மீனவக் குடும்பங்கள், எதிரே டெர்மினல் தீவில் அந்த நாளில் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் இருந்தன. 1923இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது ஒரு மேட்டில் ஏறி நின்று அமெரிக்க அரசியல் சட்டத்தைப் படித்ததற்காக எழுத்தாளர் அப்டன் சின்க்ளேரைக் கைது செய்த ஊர் அது. சும்மா படித்ததற்கு! டி. பூனின் பாட்டில் ஏன் அவ்வளவு அரசியல், ஏன் அவ்வளவு சரித்திரப் புத்தக வாடை என்று கேட்டால் நான் அந்த மேட்டைத்தான் காட்டுவேன்.

நான் அங்கே இறங்கியது 1996இல். ஜூனியர் எஞ்சினியர், நாலு மணி நேரம்தான் விடுப்பு. எல்லோரும் வீட்டுக்குப் பேச டெலிஃபோன் கார்டு வாங்க ஓடினார்கள், நான் ஆறாவது தெருவில் நடந்தேன். பின்னால் அந்தப் பச்சைத் தொங்குபாலம். பழைய சாமான் கடையொன்றில் கேசட் ஒரு டாலர். நான் எடுத்ததற்குக் காரணம் எதுவும் இல்லை, பக்கத்தில் இருந்த மற்றதெல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டு.

அன்றிரவு கேபினில் டூ-இன்-ஒன்னில் போட்டால், உங்களுக்குத் தோன்றியதே எனக்கும் தோன்றியது. தகரம். ப்ளேயரில்தான் கோளாறு என்று முடிவுகட்டினேன். பஞ்சில் கொலோன் தொட்டு, டேப் உரசிப் போகும் ஹெட்டைத் துடைத்தேன். அப்புறம் ஹெட் பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று இப்படி, அரைக்கால் சுற்று அப்படி என்று திருகிப் பார்த்தேன். பாஸ் கிதார் நன்றாக இருக்கிறது, கும்மென்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. டிரம்ஸ் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது. கிதார் மட்டும் மேலே எங்கோ ஓரமாக நின்று கீச்சிடுகிறது. மூன்று நாள் திருகினேன். எஞ்சினியர் புத்தி, கோளாறு இல்லை என்று ஒப்புக்கொள்ள மனசு வராது.

பல வருடம் கழித்துத்தான், பாஸ் வாசித்த மைக் வாட் சொன்னதைப் படித்தபோது தெரிந்தது: டி. பூன் தன் கிதாரில் பாஸ் என்கிற அடிச்சத்தத்தை வேண்டுமென்றே குறைத்துவிட்டு ட்ரெபிள் என்கிற மேல்சத்தத்தில் மட்டும் வாசிப்பாராம். ராக் குழுக்களில் கிதார்தான் ராஜா, அது கீழிருந்து மேல்வரை எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்ளும், பாஸ்காரன் இருப்பதே தெரியாது. அது நியாயமில்லை என்பது டி. பூனின் கட்சி. சமத்துவம் பேசிவிட்டு மேடையில் நண்பனின் சத்தத்தை விழுங்கினால் எப்படி? ஆகவே தன் சத்தத்தைத் தானே ஒல்லியாக்கிக்கொண்டு, நடுவில் மைக் வாட்டுக்கும் டிரம்ஸ் வாசித்த ஜார்ஜ் ஹர்லிக்கும் இடம் விட்டார். ஆள் நல்ல பருமன், மேடையில் துள்ளிக் குதிப்பார். அவர் கிதாரோ அவ்வளவு மெலிசு. நீங்கள் குறை என்று எழுதியிருக்கிறீர்களே ரா., அந்த ஒன்றுக்காகத்தான் நான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

கப்பல் எஞ்சின் அறையில் ஒரு வித்தை உண்டு. அத்தனை இரைச்சலில் ஒரு பம்பின் பேரிங் கெட்டுப்போயிருக்கிறதா என்று தெரிய, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங் மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்பார்கள். மற்ற சத்தமெல்லாம் விலகி அந்த ஒன்று மட்டும் வரும், சர்ரென்று சீராக வந்தால் நல்லது, கரகரவென்றால் கழற்ற வேண்டும். மினிட்மெனில் ஸ்க்ரூடிரைவரே வேண்டாம். மூன்று பேரையும் எப்போது வேண்டுமானாலும் தனித்தனியாகக் கேட்கலாம். இதை ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார் என்று தெரிந்த அன்று, மூன்று நாள் ஸ்க்ரூ திருகியதை நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு போன வாரம் வரைதான்.

இப்போது அஞ்சலிக் கூட்டம். கப்பலை விட்டு வந்தபிறகு நாங்கள் மூன்று பேர் ஒரு சிற்றிதழ் நடத்தினோம், ஏழு இதழ்கள். ஒருவர் பணம் போட்டார். ஒருவர் மெய்ப்புப் பார்த்து, பக்கம் அமைத்து, அச்சகத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து, தபால்தலை ஒட்டினார். நான் எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் கவிஞர், என்னைவிட நல்ல எழுத்து. அவர் கவிதை எங்கே வரும் தெரியுமா? என் கட்டுரை முடிந்து பக்கத்தில் ஏதாவது மிச்சமிருந்தால் அந்த இடத்தில். சில சமயம் இடம் போதாமல் அவரே தன் கவிதையில் இரண்டு வரியை வெட்டுவார். போன மாதம் அவர் போய்விட்டார். கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். இருபத்தைந்து நிமிடம். என் முதல் கட்டுரை, அதற்கு வந்த எதிர்ப்பு, நான் கொடுத்த பதிலடி. கீழே இறங்கியபோது அவர் மனைவி காபி கொடுத்துக்கொண்டே கேட்டார், "அவரோட கவிதை ஒண்ணாச்சும் சொல்வீங்கன்னு நெனச்சேன் அண்ணா." எனக்கு ஒரு வரிகூட மனப்பாடமில்லை.

டி. பூன் போனபிறகு மைக் வாட் இசையே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். ஒஹையோவிலிருந்து ஒரு ரசிகர் கிதாரைத் தூக்கிக்கொண்டு சான் பீட்ரோவுக்கே வந்து, வாங்க வாசிக்கலாம் என்று விடாமல் இழுத்து ஃபயர்ஹோஸ் என்ற குழு உண்டாயிற்று. ஹர்லியும் சேர்ந்தார். அதன் பதிவுகளெல்லாம் டி. பூனுக்குக் காணிக்கை. நாற்பது வருடமாக மைக் வாட்டிடம் யார் எதைக் கேட்டாலும் பேச்சு டி. பூனிடம் வந்து நிற்கிறது. 13 வயதில் பெக் பூங்காவில் ஒரு மரத்திலிருந்து தன் முன்னால் தொப்பென்று குதித்தது, ஓயாமல் வேடிக்கையாகப் பேசியது, இவன் பெரிய அறிவாளி என்று தான் மயங்கியது, பிறகு அதெல்லாம் ஜார்ஜ் கார்லினின் நகைச்சுவை ரெக்கார்டிலிருந்து அப்படியே ஒப்பித்தது என்று தெரிந்தது. எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ஒவ்வொரு தடவையும் பையன் மரத்திலிருந்து புதிதாகக் குதிக்கிறான்.

சரி, உங்கள் குழு. இரண்டு வருடமாகப் பணம் சேர்க்கிறீர்களா? கோபம் வருகிறது எனக்கு. டி. பூனின் அம்மா தெருவில் சுற்றாமல் வீட்டில் ஏதாவது வாசியுங்கள் என்றுதான் தொடங்கிவைத்தார், மைக் வாட்டை பாஸ் வாசிக்கச் சொன்னதும் அவர்தான். பாஸ் என்றால் என்ன என்றே பையனுக்குத் தெரியாது. சாதாரணக் கிதாரில் நாலு கம்பியை வைத்துக்கொண்டு வாசித்தாராம். அதைவிட, சுருதி சேர்க்க வேண்டும் என்பதே தெரியாமல், கம்பியை இறுக்கி வைப்பதும் தளர்த்தி வைப்பதும் அவரவர் ருசி என்று நினைத்திருந்தார்களாம் இருவரும். இவர்கள்தான் 1980இல் ஏழு பாட்டை ஏழு நிமிடத்துக்குள் அடக்கிய முதல் தட்டைக் கொண்டுவந்தார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே வாசித்தார்கள். ஸ்டூடியோ வாடகை குறைவான நடுராத்திரியில், ஏற்கனவே ஒருமுறை பயன்படுத்திய டேப்பில், தட்டில் எந்த வரிசையோ அதே வரிசையில் பாடிப் பதிந்தார்கள், அப்புறம் வெட்டி ஒட்டும் செலவு மிச்சம். 'எகானோ' என்று அதற்கு ஒரு பேரே வைத்திருந்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் பழைய புடவையைத் தலையணை உறையாக்குகிற சிக்கனம் மாதிரிதான், ஒரு வித்தியாசம், யாரிடமும் கைநீட்டாவிட்டால் யாரும் வந்து இப்படி வாசி அப்படி வாசி என்று சொல்ல முடியாது. டி. பூன் ஊரில் ஒரு தியேட்டரில் மற்ற குழுக்களைக் கூட்டிவந்து நிகழ்ச்சி நடத்தியபோது சீக்கிரமே தொடங்கிவிடுவாராம். மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் நேரத்தோடு வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும் என்று. எனக்கு அவர் அரசியல் பாட்டுகள் எல்லாவற்றையும்விட இந்த ஒன்று பிடிக்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். 1984இல் வந்த இரட்டைத் தட்டு, 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்'. 40க்கும் மேற்பட்ட பாட்டுகள், மொத்தச் செலவு 1,100 டாலர் போல. பெயர் லாரி ஓட்டுநர்களின் பேச்சு. நிக்கல் என்றால் அமெரிக்க ஐந்து காசு, டைம் (dime) என்றால் பத்து காசு: இரண்டு ஐந்து, அதாவது 55 மைல் வேகம், ஐ-10 என்ற நெடுஞ்சாலையில். அந்த நாளில் ஒரு ராக் பாடகர் என்னால் 55இல் ஓட்ட முடியாது என்று வீராப்பாகப் பாடிக்கொண்டிருந்தார். இவர்கள், வண்டியைச் சட்டப்படி ஓட்டுகிறோம், துணிச்சலைப் பாட்டில் காட்டுகிறோம் என்று கிண்டலடித்தார்கள். அடுத்த வருடம் அந்த வேன் சாலையை விட்டு விலகியதும் ஐ-10இல்தான். இதிலும் விதி கிதி என்று ஏதாவது எழுதி அனுப்பாதீர்கள்.

தட்டுக்கு நாலு பக்கம். மூன்று பேரும் சீட்டுப் போட்டு ஆளுக்கொரு பக்கமாகத் தங்களுக்குப் பிடித்த பாட்டுகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள், யாரும் எடுக்காமல் மிஞ்சியதெல்லாம் நாலாவது பக்கம். அதற்கு அவர்களே பதர் என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் பதரிலிருந்து தொடங்குங்கள். ஹெட்ஃபோனில் கேட்கலாம். ஃபோனில் 'பாஸ் பூஸ்ட்' என்று ஒன்று இருக்கும், அது போட்டிருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள்.